கொல்லைப்புறம் இல்லாத கோழிகள்

1966 பிப்ரவரி 1, செவ்வாய்

காலையில் குளிர். அடுப்புப் புகை மேலே போகாமல் தாராவிச் சந்துக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. துவைத்த சட்டை காயவில்லை. ஈரத்தோடே மாட்டிக்கொண்டேன்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முனிசிபாலிட்டி லாரி. கோழி பிடிக்கிற லாரி. சாக்கும் கம்பி வளையமுமாக நான்கு பேர். தெருவில் கோழி திரிந்தால் சுகாதாரக் கேடாம். சாக்கடை திறந்து கிடப்பது கேடு இல்லை. குழாயில் தண்ணீர் வராதது கேடு இல்லை. கோழிதான் கேடு.

எதிர்வீட்டு ஞானம் மைனிக்கு ஆறு கோழி, ஒரு சேவல். அவள் புருஷன் தங்கையா அண்ணன் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் இரண்டும் வெந்து, வேலை போய், கட்டிலில். முட்டையை மைனி மாஹிமில் ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த முட்டையால். வேறு எதனாலும் இல்லை.

லாரிச் சத்தம் கேட்டதும் ஏழையும் அள்ளி அண்ணன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். போர்வையைத் தரை வரைக்கும் தொங்கவிட்டாள். வாசலில் வந்து நின்றவனிடம் தன்னுடைய இந்தியில்:

“டி.பி. ஹை பாயி. அந்தர் ஆவ். தேக்கோ.”

காசநோய், உள்ளே வந்து பார் என்றதும் அவன் பின்வாங்கினான். உள்ளேயிருந்து அண்ணன்: “எனக்கு எப்பம்ட்டி டி.பி. வந்துச்சு?”

“சும்மா இரிங்க. இரும வேண்டிய நேரத்துல பேசுதிய.”

அண்ணன் இருமினார். நன்றாகவே இருமினார். ஏழும் தப்பின. சந்தில் மற்ற வீடுகளில் ஐந்து போயிற்று. நான் குடியிருக்கும் மச்சுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சியின் புள்ளிக் கோழியும் அதில். அண்ணாச்சி கடைக்குள் போய்க் கணக்குப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார்.

ஆபீஸுக்கு லேட்.

பிப். 2, புதன்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், ரிப்பேருக்குக் கொடுத்த செருப்பு.

இன்று கண்டதை எழுதாமல் தூக்கம் வராது.

ஆபீஸுக்குப் போகச் செம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மைதானத்தில் பந்தல். வெள்ளைத் துணியில் மராத்தியிலும் ஆங்கிலத்திலும்: வீட்டுக்கு வீடு கோழி வளர்ப்போம். கீழே முனிசிபாலிட்டி முத்திரை. நேற்று லாரிக் கதவில் இருந்த அதே முத்திரை. நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்.

குஞ்சு இலவசம். தடுப்பூசி இலவசம். முதல் மூட்டைத் தீவனம் இலவசம். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு, ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன் கொல்லைப்புறத்தில் சில கோழிகளாவது வளர்க்க வேண்டும், அது தேசத்துக்குச் செய்யும் சேவை. நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல யோசனை. நல்ல யோசனையாக இருப்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. கெட்ட யோசனையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

கடைசி வரியில் சின்ன எழுத்தில்: கொல்லைப்புறம் உள்ள குடியிருப்பாளர்களுக்கு மட்டும்.

உள்ளே கூடை கூடையாக வெள்ளைக் குஞ்சுகள். லெகார்ன் ஜாதி. இறகு முளைத்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கின்றன. வாங்க ஆள் இல்லை. பந்தல் குமாஸ்தா கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னது: காலனிக்காரர்கள் வருகிறார்கள், குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள், அழகாக இருக்கிறது என்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

எப்படி வாங்குவார்கள்? அந்தக் காலனியில் பாதிப் பேர் முட்டையைக் கையால் தொடமாட்டார்கள்.

ஆபீஸில் ஹெட் கிளார்க் விஸ்வநாதன் சாரிடம் (மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், இப்போது செம்பூரில் சொந்த வீடு, பின்னால் வாழை, துளசி) கேட்டேன்.

“எங்காத்துக் கதவையும் தட்டினான்ப்பா. வாழைக்கு எரு வேணும், கோழிய நீயே வச்சுண்டு எச்சத்த மட்டும் அனுப்புன்னேன். கோச்சுண்டு போயிட்டான்.”

“அப்ப தாராவிக்குக் குடுக்கலாமே சார்.”

“தாராவிலயா? மனுஷா நிக்கவே எடம் இல்ல, கோழி எங்க நிக்கும்? பட்டணம்னா பட்டணமா இருக்கணும். நாத்தம். எலி. விடியக்காலம் கூவல். ஒண்ணுக்குச் சீக்கு வந்தா ஊர்க் கோழி அத்தனையும் போகும். முனிசிபாலிட்டிய மொதல்ல குப்பைய அள்ளச் சொல்லு.”

கடைசி வாக்கியம் சரி. மற்றதும் முழுக்கத் தப்பில்லை. அதனால்தான் கோபம் தணியவில்லை.

பிப். 3, வியாழன்

மத்தியானம் சாப்பிடாமல் ஆபீஸ் டைப்ரைட்டரில் மனு. அடிப்பதற்கு முன் நானே எனக்குள் வாதாடிப் பார்த்தேன். பொய் சொல்லி ஜெயிக்க இஷ்டமில்லை.

கோழி வேண்டாம் என்பதற்கு:
குழாயடியில் எச்சம். நானே மிதித்திருக்கிறேன்.
சீக்கு. போன வருஷம் வெள்ளைக் கழிச்சலில் பாதிச் சந்து காலி.
சேவல்.
குஞ்சைக் கொடுத்துவிட்டு முனிசிபாலிட்டி கையைக் கழுவிக்கொள்ளும். அரிசி எங்கே என்று கேட்டால் கோழி கொடுத்தோமே என்பான்.

வேண்டும் என்பதற்கு:
எப்படியும் வளர்க்கத்தான் போகிறோம். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வளர்ப்பதைவிட வெளிச்சத்தில் வளர்ப்பது சுத்தம்.
சோற்றுப் பருக்கை, மீன் செதில், சாக்கடைப் புழு, எல்லாம் முட்டையாகிறது. வேறு எந்த ஆலை இதைச் செய்யும்?
பிள்ளைகளின் கை கால் குச்சி.
பெண்பிள்ளை கையில் யாரிடமும் கேட்காமல் வருகிற வருமானம்.

ஊக்கப்படுத்துவது என்றால் பந்தல் போட்டுத் துணி கட்டுவது இல்லை. கூடு, ஊசி, தண்ணீர், இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு ‘வளர்’ என்று சொன்னால் ஊக்கம். கொல்லை இருக்கிறவனுக்குக் கொடுத்து இல்லாதவனிடம் பிடுங்கினால் அதற்கு வேறு பெயர்.

இதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தேன். வி. சார் பின்னால் நின்று படித்துவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

“‘கோருகிறோம்’ வேண்டாம்ப்பா. ‘பணிவுடன் வேண்டுகிறோம்’னு போடு. காரியம் ஆகணுமா, கோவம் தீரணுமா?”

இரண்டும்தான் சார் என்றேன். சிரித்தார். நல்ல காகிதம் இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

சந்தில் கையெழுத்து வேட்டை. எல்லாரும் போட்டார்கள், அருளப்பன் அண்ணன் தவிர. மில்லில் நைட் ஷிப்ட். விடியற்காலையில் வந்து கண்ணை மூடினால் மைனியின் சேவல்.

“அந்தச் சேவல் தலைய எடு, என் கைநாட்ட எடுத்துக்க.”

மைனி: “ஏன், ஒமக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே.”

“இந்தக் காரியத்துக்குக் கைநாட்டுதான்.”

நியாயமான புகார். ஒருத்தன் தூக்கத்தை மிதித்துக்கொண்டு இன்னொருத்தன் நியாயம் கேட்க முடியாது. சேவலை விற்றுவிடலாம் என்று நான்தான் முடிவு சொன்னேன். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, நோட்டீஸில் போட்டிருக்கிறது. மைனிக்கு மனசில்லை. கடைசியில் சரி என்றாள்.

பிப். 5, சனி

அரைநாள் ஆபீஸ். பிறகு வார்டு ஆபீஸ். நான், மைனி, அண்ணாச்சி. அண்ணாச்சி இஸ்திரி போட்ட வேட்டி. மைனி கோயிலுக்குக் கட்டுகிற சேலை. ஆராதனைக்குப் போவதுபோலத்தான் வந்தாள், கையில் பைபிள் ஒன்றுதான் குறை.

அதிகாரி பெயர் பாட்டீல். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் மரமணி மாலை. முகத்தில் எதுவும் தெரியாது. மனுவை முழுக்கப் படித்தார், அதுவே ஆச்சரியம். பிறகு இந்தியில் ஒரே கேள்வி.

“பீச்சே ஜகா கிதர் ஹை?” கொல்லைப்புறம் எங்கே என்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி: “பொறவாசல் இல்ல சார். முன்வாசல் இருக்கு. கோழிக்கு முன்னு பின்னு தெரியாது.”

மொழிபெயர்த்தேன். பாட்டீல் உதட்டோரம் ஏதோ நடந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்யமாட்டேன்.

நான் விட்டேனா. ஒரே முத்திரை, இங்கே சாக்கு, அங்கே கூடை, இது என்ன நியாயம் என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பலமாக. அப்படியும் சொல்லி முடித்தேன்.

பாட்டீல் கோபப்படவில்லை. தெருவில் திரிகிற கோழியைப் பிடிப்பது ஒரு இலாகா, கோழி கொடுப்பது இன்னொரு இலாகா, இரண்டும் என் தலையில்தான் என்றார். பிறகு நிபந்தனை. சந்துக்குப் பொதுவாக ஒரு கூடு. சாக்கடையிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி. மனுவில் எழுதியிருக்கிற பதினான்கு கோழியும் அதற்குள். அடுத்த வாரம் ஞாயிறன்று தானே வந்து பார்ப்பார். பதினான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீக்கு என்று எழுதிவிடுவார், அப்புறம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள். சரியாக இருந்தால் செம்பூரில் மிச்சம் கிடக்கும் குஞ்சுகள் எங்களுக்கு. அதன்பிறகு கூட்டுக்குள் இருப்பதை லாரி தொடாது. வெளியே இருந்தால் தொடும்.

இரக்கம் என்று நினைக்கவில்லை. செம்பூரில் குஞ்சு தேங்கிக் கிடக்கிறது, எங்கேயாவது கொடுத்ததாகக் காட்ட வேண்டும். இருக்கட்டும். அவருக்கு வேண்டியதும் எங்களுக்கு வேண்டியதும் ஒரே கூடையில் இருக்கிறது. போதும்.

திரும்பும்போது மைனி பஸ்ஸில் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். “எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவாம்னா என் ஆறும் போவும்லா தம்பி.” ஒரு தடவை சொன்னாள்.

சேவலை நேற்றே மாஹிமில் விற்றாயிற்று. நேற்று ராத்திரியே அருளப்பன் அண்ணன் மனுவில் கையெழுத்தே போட்டார், ஆங்கிலத்தில்.

பிப். 8, செவ்வாய்

பலகைக்கு அலைச்சல். சோப்புப் பெட்டி, டீப் பெட்டி, மண்ணெண்ணெய் டின். அண்ணாச்சி கடையில் இருந்த பெட்டி எல்லாவற்றையும் உடைத்தாயிற்று. இப்போது பருப்பு தரையில் மூட்டையாக. அண்ணாச்சி சொல்கிறார், “கோழிக்கு வீடு ஆச்சு. என் பருப்பு ரோட்டுக்கு வந்துட்டு.”

இடம்: குழாய்க்கு எதிர்ச்சுவர். செங்கல் அடுக்கி அதன்மேல். கீழே சாம்பல் தட்டு, தினம் எடுத்துக் கொட்ட. இது என் யோசனை இல்லை, செம்பூர் நோட்டீஸின் படத்திலிருந்து திருடியது.

நேற்றும் இன்றும் ஆபீஸில் தப்புத் தப்பாக டைப். ஒரு கடிதத்தில் ‘கம்பெனி’ என்பதற்குப் பதில் ‘கோழி’ என்று அடித்துவிட்டேன். வி. சார் கிழித்துப் போட்டுவிட்டு, “கூடு எவ்வளவு ஒசரம்?” என்று கேட்டார்.

பிப். 10, வியாழன்

கூடு முடிந்தது. சுண்ணாம்பும் அடித்தாயிற்று. என் தலையில் பாதி.

எந்தக் கோழி எந்த வீட்டுக்கோழி என்ற சண்டை வராமல் இருக்கக் காலில் துணி. மைனி வீட்டுக்குச் சிவப்பு. அருளப்பன் அண்ணன் வீட்டுக்கு நீலம், ஆம், அவருக்கும் இரண்டு கோழி, சேவல்தான் விரோதி. பெண்கள் முறைவைத்துக் கூட்டுகிறார்கள். இந்தச் சந்தில் குழாய்க்குக்கூட முறை கிடையாது, குடத்தால் அடித்துக்கொள்வார்கள். கோழிக்கு முறை வந்துவிட்டது.

நேற்றுக் கோழிகளை அடைத்தோம், ஒன்றும் முட்டையிடவில்லை. இன்று மைனியின் கருப்பி ஒரு முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டியது. சந்து முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. கருப்பி இங்கே இருக்கிறவற்றில் ஒசத்தி. மழையோ வெயிலோ முட்டை தவறாது. மைனி அதைத் தூக்கிக்கொண்டு நின்றாள், சேலைத் தலைப்பில் அலகைத் துடைத்துக்கொண்டு.

தங்கையா அண்ணனைக் கட்டிலோடு தூக்கி வந்து வெளியே போட்டோம். காவலுக்கு. மாசக்கணக்கில் உள்ளேயே கிடந்தவர். கையில் ஒரு கம்பு. பூனை வந்தால் அடிக்க. ராஜா மாதிரி இருக்கிறார்.

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன், அடிக்கடி வருவதில்லை.

பிப். 13, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

கோயில் ஆராதனை முடிந்ததும் மெயின் ரோட்டுக்குப் போய் பாட்டீலுக்காக நின்றேன். எங்கள் சந்தை வெளியாள் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. வெகுநேரம். வரமாட்டார் என்றே முடிவு செய்தபோது சைக்கிளில் வந்து இறங்கினார். தனியாக.

நடந்தோம். சந்து முனையிலேயே வாசனை. வறுத்த தேங்காய், மல்லி, மிளகு. யாரோ நல்ல சமையல் சமைக்கிறார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சந்து கூட்டிப் பெருக்கி, கோலம். தங்கையா அண்ணன் வெள்ளைச் சட்டையில். கூடு பளபளவென்று. பாட்டீல் குனிந்து விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“தஸ்.” பத்து.

நான் எண்ணினேன். பத்து. கருப்பி இல்லை.

அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “வாங்க சாப், மொதல்ல சாப்பாடு, அப்புறம் எல்லாம் பேசிக்கிடலாம்.” கடை வாசலில் பாய். வாழையிலை. பெரிய அண்டாவில் கோழிக் குழம்பு.

புரிந்தது. விருந்தாளி வருகிறார். பெரிய விருந்தாளி. எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தெரியும்? நான் ரோட்டில் நின்ற நேரத்தில் மைனி கருப்பியை எடுத்திருக்கிறாள். அவள் எடுத்ததும் இன்னும் மூன்று வீடு, நாங்கள் மட்டும் குறைந்தவர்களா என்று ஆளுக்கொன்று. எந்தக் கோழியைக் காட்டிக் காப்பாற்ற வேண்டுமோ அந்தக் கோழி அண்டாவில்.

“என்ன காரியம் மைனி பண்ணிட்டிய?”

“ஏன் சத்தம் போடுத? வீட்டுக்கு வந்த மனுசனுக்கு வெறும் சாயாவா குடுக்க? சேவல் இருந்தா சேவல அறுத்திருப்பேன். அதத்தான் நீ விக்கச் சொல்லிட்டியே.”

நான் கூட்டை இன்னொரு தடவை எண்ணினேன்.

பாட்டீல் இலையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டி மராத்தியில் ஏதோ சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பண்டரிபுரம் போகிறவர்கள் போடுகிற துளசி மணி. கறி மட்டுமல்ல, முட்டையும் தொடமாட்டார்கள். வார்டு ஆபீஸில் கண்ணுக்கு எதிரே தொங்கியது. கத்துவதில் மும்முரமாக இருந்தவனுக்குப் பார்க்க எங்கே நேரம்.

சொன்னேன். அண்ணாச்சி கையில் கரண்டி அப்படியே.

பாட்டீல் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்: முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழிகளையா அறுத்தீர்கள்?

மைனிக்கு முகம் சிவந்துவிட்டது. “கெழட்டுக் கோழியையா விருந்தாளிக்குப் போடுவாக? இருக்கதுல நல்லா முட்டையிடுததத்தான் அறுத்தேன். கேளு, ஆரும் சொல்லட்டும்.”

அதையும் சொன்னேன். அவர் கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கூட்டில் நான்கு குறைகிறது, நான் என்னவென்று எழுத?

மைனி என்னைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். “வந்தவுகளுக்குப் போட எங்ககிட்ட இருந்துச்சுன்னு எழுதச் சொல்லு.”

இதை இந்தியில் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டீல் பாயில் உட்கார்ந்தார். வாழைப்பழமும் சாயாவும் வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து கூட்டுக்கு அடியில் கையை விட்டுச் சாம்பலைத் தடவினார், மோந்து பார்த்தார். மீதிப் பத்தின் கண்ணையும் காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழம்பை யாரும் தொடவில்லை. தங்கையா அண்ணன்தான் கடைசியில்: “ஆறிப் போவுது. செத்தது திரும்பி வருமா?”

சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. அவ்வளவு ருசியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மைனி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

பிப். 14, திங்கள்

செய்தி இல்லை. ஆபீஸில் வி. சாரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாலை போட்டுண்டவன்கிட்டயா கோழிக் கொழம்ப நீட்டினேள்?” என்றார். கொஞ்சம் கழித்து, “நல்ல கோழியையேவா அறுத்தா?” என்றார்.

செம்பூர்ப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். குஞ்சுக் கூடைகளைக் காணோம். யாருக்குக் கொடுத்தார்களோ.

பிப். 16, புதன்

வெயில் ஏறுகிறது. லாரி வருமோ என்று மைனி கோழிகளைக் கூட்டிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் விடுகிறாள். பிறகு மனசு கேட்காமல் கூட்டுக்கே கொண்டுபோகிறாள். மாஹிம் ஹோட்டலுக்கு முட்டை குறைந்துவிட்டது. ஹோட்டல்காரன் வேறு ஆளைப் பார்ப்பேன் என்கிறானாம். கருப்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

எனக்கு அவள்மேல் கோபமா, என்மேலா? பாட்டீல்மேல் என்றால் வசதி. ஆனால் அந்த மனுஷன் பாயில் உட்கார்ந்தான். அதை இல்லை என்று சொல்லமுடியாது.

புதிய மனு பாதி. ‘கோருகிறோம்’ என்றே ஆரம்பித்திருக்கிறேன்.

பிப். 18, வெள்ளி

இன்று ஆபீஸுக்கே போகவில்லை. போகட்டும்.

காலையில் லாரிச் சத்தம். அதே லாரி, அதே நான்கு பேர். தங்கையா அண்ணன் உடனே இருமத் தொடங்கிவிட்டார், யாரும் கேட்காமலே. மைனி ஓடிப்போய்க் கூட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். நான் மச்சிலிருந்து பனியனோடு குதித்தேன்.

லாரிப் பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம்.

குஞ்சுகள். செம்பூர்க் குஞ்சுகள். கூடை கூடையாக வெள்ளை. போன தடவை சாக்கைப் பிடித்திருந்த அதே ஆள், முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் கையில் கொடுக்கிறான். ஊசி போட்டாயிற்றாம். பாட்டீல் கொடுத்தனுப்பிய தகரப் பலகை ஒன்று. அதை அவனே கூட்டின்மேல் அறைந்தான்: இந்தக் கூட்டுக்குள் இருப்பவை அனுமதி பெற்றவை.

மைனி குஞ்சை வாங்கவில்லை. “அடுத்த மாசம் இதையே பிடிக்க வருவியா?” என்று தமிழிலேயே அவனிடம் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். அப்புறம் வாங்கினாள். மடி நிறைய.

அழுதேன் என்று எழுதமாட்டேன். அருளப்பன் அண்ணன் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்தவர், சாப்பாட்டு டப்பாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

லாரி கிளம்பியது. போய்விட்டது என்று நினைத்தோம். பக்கத்துச் சந்து முனையில் நின்றது.

பக்கத்துச் சந்து பாதிக்குமேல் சோலாப்பூர்க்காரர்கள். கூடும் கிடையாது, மனுவும் கிடையாது. குஞ்சு வந்த அதே காலிக் கூடைகளை இறக்கினார்கள். சாக்கை எடுத்தார்கள். பெண்கள் அலறுகிற சத்தம். கோழி அலறுகிற சத்தம். இங்கே நாங்கள் கையில் குஞ்சோடு நிற்கிறோம். எங்களுக்குக் கொடுத்த கையால்தான் அங்கே பிடிக்கிறான். என் மனுவில் எங்கள் சந்தின் பெயர்தான் இருந்தது. அவர்கள் சந்து இல்லை. எழுதியவன் நான்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைனிக்குத் தெரிந்தது. மடிக் குஞ்சுகளைத் தங்கையா அண்ணன் போர்வைக்குள் கொட்டிவிட்டு இரண்டு சந்துக்கும் நடுவில் உள்ள முடுக்கில் போய் நின்று கத்தினாள்:

“இதர் லாவ்! ஜல்தி! இதர் லாவ்!” இங்கே கொண்டுவா, சீக்கிரம் என்று.

ஒருத்தி ஓடிவந்தாள், இரண்டு கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. மைனி வாங்கிக் கூட்டுக்குள் போட்டாள். பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் வரிசை. முறத்தில், குடத்தில், சேலைக்குள். நானும் அண்ணாச்சியும் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே தள்ளினோம். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் “ஒக்காரு, ஒக்காரு” என்கிறார், கடைக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல்.

சாக்கோடு அந்த ஆள் துரத்திக்கொண்டு வந்துவிட்டான். கூட்டைப் பார்த்தான். கால்வைக்க இடமில்லாமல் கோழி. இது யாருடையது?

“அமாரா.” எங்களுடையது என்கிறாள் மைனி.

இது?

“அமாரா. சப் அமாரா.” எல்லாமே.

தன் கையால் அறைந்த தகரத்தை அண்ணாந்து பார்த்தான். அவன் படிக்கத் தெரிந்தவன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு சேவல் கூவியது. சோலாப்பூர்ச் சேவல். பெரிய தொண்டை. எல்லாரும் அருளப்பன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். தூக்கமில்லாத கண், சிவந்து கிடக்கிறது. டப்பாவைக் கீழே வைத்தார். கூட்டு வாசலை முதுகால் மறைத்து நின்றார்.

“சேவலும் நம்மளுதுதான்வே.”

லாரி போய்விட்டது. காலிக் கூடைகளோடு.

கூடு தாங்காது. ஒரு பக்கம் இப்போதே சரிந்துவிட்டது, நான்கு பேர் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணாச்சி கூப்பிடுகிறார். பலகை வேண்டும். என் கட்டில் பலகைதான்.